சூப்பர்ஜூம் கேமராவா, பழைய டிஎஸ்எல்ஆரா? பறவைப் படம் எடுக்கத் தொடங்குவோரின் கேள்விகள்

பறவை பார்க்கத் தொடங்கியவர்கள் முதல் கேமரா வாங்கும்போது பெரும்பாலும் இரண்டு வகைகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று நிக்கான் பி900, கேனான் எஸ்எக்ஸ்70 போன்ற, லென்ஸைக் கழற்ற முடியாத சூப்பர்ஜூம். மற்றொன்று, யாரோ மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமராவுக்கு) மாறியதால் விற்பனைக்கு வந்த கேனான் 1200டி, நிக்கான் டி7000 போன்ற, லென்ஸை மாற்றக்கூடிய பழைய டிஎஸ்எல்ஆர். அடிக்கடி வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எதை வாங்கட்டும்?

லென்ஸுக்கென்று தனியாகப் பணம் ஒதுக்க முடியாது என்றால் சூப்பர்ஜூம். 400 மிமீ அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸ் (இந்த எண் கூடக் கூடத் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும்) வாங்க முடியும், பறக்கும் பறவையை எடுப்பதில்தான் ஆசை என்றால் டிஎஸ்எல்ஆர். பலரும் போகும் இடைவழி ஒன்று உண்டு: பழைய பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா), அதோடு சேர்ந்தே வரும் 55-250 மிமீ லென்ஸ். வீட்டு விசேஷத்துக்கும் ஊர்ப் பயணத்துக்கும் அது நல்ல ஜோடி. பறவைக்கு வேண்டாம்.

55-250 ஏன் போதாது? கேனானில் 1.6 ஆல் பெருக்கினால் 400 மிமீ வருகிறதே?

வருகிறது. கேனானின் இந்தப் பாடிகளில் சென்சார் (படம் விழும் சில்லு) முழுச்சட்டச் சென்சாரைவிடச் சிறியது என்பதால், லென்ஸின் மிமீயை 1.6ஆல் பெருக்கிச் சமமான அளவைச் சொல்வார்கள்; நிக்கானில் 1.5. அந்த 400 மிமீ எவ்வளவு காட்டும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிறு நீல மீன்கொத்தியின் நீளம் சுமார் 16 செ.மீ. அது 20 மீட்டர் தள்ளி ஒரு கிளையில் உட்கார்ந்திருக்கிறது. 400 மிமீயில் உங்கள் படச் சட்டத்தின் உயரம் அந்தத் தூரத்தில் 1.2 மீட்டர். மீன்கொத்திக்குக் கிடைப்பது அதில் ஏழில் ஒரு பங்கு. 18 மெகாபிக்சல் 1200டியில் பறவை சுமார் 460 பிக்சல் உயரத்துக்கு வரும். பறவை இருந்தது என்று காட்டலாம், இறகின் வரியைக் காட்ட முடியாது.

அதே கிளையை பி900இன் 2000 மிமீயில் பார்த்தால் சட்டத்தின் உயரமே 26 செ.மீ. தான். மீன்கொத்தி சட்டத்தில் பாதிக்கு மேல் நிறைந்துவிடும். எண்ணிக்கையில் 2000 பிக்சலுக்கு மேல். அத்தனை பிக்சலிலும் உண்மையான நுணுக்கம் இருக்காது, காரணத்தைக் கீழே சொல்கிறேன். ஆனாலும் 460ஐ விட வெகுதூரம் முன்னே.

சங்குவளை நாரை போன்ற பெரிய பறவை என்றால் கணக்கு மாறும். ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரமுள்ள நாரை 60 மீட்டர் தள்ளி நின்றால், 400 மிமீயில் சட்டத்தின் கால்பங்கைப் பிடிக்கும்; 2000 மிமீயில் முழுதாக அடங்கவே அடங்காது. வேடந்தாங்கல் கரையில் நின்று கூடும் மரமுமாக எடுக்க விரும்புகிறவருக்கு 55-250 ஏமாற்றம் தராது. ஆனால் பறவை பார்க்கத் தொடங்கியவர் நாரையோடு நிற்பதில்லை. தேன்சிட்டு, கதிர்க்குருவி, உள்ளான் என்றுதான் ஆர்வம் போகும். அங்கே தூரமும் சிறிய உருவமும் சேர்ந்து சோதிக்கும்.

24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர் வாங்கி, படத்தை வெட்டிப் பெரிதாக்கினால்?

நிக்கான் டி3200இல் (2012, 24 மெகாபிக்சல்) 300 மிமீ லென்ஸைப் போட்டால் 450 மிமீக்குச் சமம். அதிலிருந்து 2000 மிமீ காட்சியை வெட்டி எடுத்தால் மிஞ்சுவது சுமார் 1.2 மெகாபிக்சல். வாட்ஸப்பில் அனுப்பப் போதும்.

சூப்பர்ஜூமின் சென்சார் மிகச் சிறியது, படம் புள்ளி புள்ளியாக வரும் என்கிறார்களே?

சென்சார் சிறியதுதான். பி900இல் இருப்பது 6.2 × 4.6 மிமீ. 1200டி போன்ற கேனான் டிஎஸ்எல்ஆர்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி அளவு சென்சார் 22.3 × 14.9 மிமீ, பரப்பில் கிட்டத்தட்ட 12 மடங்கு. இதை மட்டும் வைத்து "டிஎஸ்எல்ஆர் 12 மடங்கு மேல்" என்று முடிவு கட்டுகிறார்கள். தொலைவில் இருக்கும் பறவைக்கு அந்த முடிவு தவறு. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் நிதானமாகப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

பறவையிலிருந்து வரும் வெளிச்சத்தில் எவ்வளவு உள்ளே நுழைகிறது என்பதை முடிவு செய்வது லென்ஸின் துளை. அதன் விட்டத்தைக் கண்டுபிடிப்பது எளிது. லென்ஸின் உண்மையான குவியத்தூரத்தை (2000 என்று விளம்பரத்தில் போடும் சமான அளவை அல்ல) எஃப் எண்ணால் (லென்ஸில் எஃப்/5.6 என்பதுபோல் குறித்திருப்பது) வகுத்தால் போதும். பி900இன் முழு ஜூமில் உண்மையான குவியத்தூரம் 357 மிமீ, எஃப் எண் 6.5. வகுத்தால் 55 மிமீ. 55-250 லென்ஸில் 250ஐ 5.6ஆல் வகுத்தால் 45 மிமீ. 70-300 லென்ஸில் 300ஐ 5.6ஆல் வகுத்தால் 54 மிமீ.

ஆகவே ஒரே கிளையில், ஒரே வெளிச்சத்தில், ஒரே ஷட்டர் வேகத்தில், பி900உம் 70-300 மாட்டிய டிஎஸ்எல்ஆரும் பறவையிலிருந்து வாங்கும் வெளிச்சம் ஏறக்குறைய சமம். 55-250 இன்னும் குறைவாகத்தான் வாங்கும். டிஎஸ்எல்ஆரின் பெரிய சென்சாரில் பறவை ஒரு மூலையில்தான் விழுகிறது. மிச்ச இடமெல்லாம் இலையும் வானமும். அந்த மிச்ச இடத்துக்கு வந்த வெளிச்சம் பறவைக்கு உதவாது. பரந்த தாம்பாளத்தின் நடுவில் ஒரு பிடி சோறு வைத்ததால் சோறு கூடிவிடுவதில்லை.

இப்போது பெரிய லென்ஸ்களைப் பாருங்கள். 400 மிமீ எஃப்/5.6 என்றால் துளை 71 மிமீ. 150-600 லென்ஸில் 600 மிமீ, எஃப்/6.3 என்றால் 95 மிமீ. துளையின் பரப்பில் பார்த்தால் பி900ஐ விட 3 மடங்கு வெளிச்சம். டிஎஸ்எல்ஆரின் உண்மையான வலிமை இங்கேதான் தொடங்குகிறது. பாடி தருவதில்லை, லென்ஸ் தருகிறது.

பறவையை விட்டு வீட்டுக்குள் வந்தால் நிலைமை தலைகீழ். டிஎஸ்எல்ஆரோடு சேர்ந்து வரும் 18-55 கிட் லென்ஸை 18 மிமீயில் வைத்தால் (எஃப்/3.5) துளை 5 மிமீ. பி900இன் அகலக் கோணத்தில் (4.3 மிமீ, எஃப்/2.8) துளை வெறும் 1.5 மிமீ. 11 மடங்கு வித்தியாசம். கல்யாண மண்டபத்தில் சூப்பர்ஜூம் திணறுவதும், அதே கேமரா காலை வெயிலில் மரங்கொத்தியை அழகாகப் பிடிப்பதும் இதனால்தான்.

அப்படியானால் டிஎஸ்எல்ஆர் எதற்கு?

அசையும் பறவைக்கு. இதில் சூப்பர்ஜூமுக்கு நான் எந்தச் சலுகையும் தரமாட்டேன்.

டிஎஸ்எல்ஆரில், உள்ளே இருக்கும் பிரதிபலிக்கும் கண்ணாடிக்குக் கீழே ஃபோகஸுக்கென்றே தனி சென்சார் இருக்கிறது. குறி எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அது அளந்து லென்ஸை நேரே அங்கே செலுத்தும். பி900 போன்றவை படத்தின் வெளிச்ச-இருள் மாறுபாட்டை வைத்து ஃபோகஸ் தேடுபவை. லென்ஸை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்துத்தான் கூர்மையான இடத்தைக் கண்டுபிடிக்கும். தண்ணீரைத் தொட்டுப் பறக்கும் ஆலா அதுவரை காத்திருக்காது. பி900 விநாடிக்கு 7 படம் எடுக்கும் என்பது உண்மை. 7 படம் எடுத்ததும் கார்டில் எழுத நின்றுவிடும் என்பதும் உண்மை. வ்யூஃபைண்டரில் தெரிவது மின்திரை. வேகமாகத் திரும்பும் பறவையைப் பின்தொடரும்போது அது தடுமாறும்.

2009இல் வந்த கேனான் 7டி விநாடிக்கு 8 படம் எடுக்கும், 19 ஃபோகஸ் புள்ளிகள். 2010இன் நிக்கான் டி7000 விநாடிக்கு 6 படம், 39 புள்ளிகள். வயதாகிவிட்ட இந்தக் கேமராக்கள், பறக்கும் நத்தைக்குத்தி நாரையைப் பிடிப்பதில் பல புதிய சூப்பர்ஜூம்களைத் தோற்கடிக்கும். ஆனால் எல்லா டிஎஸ்எல்ஆரும் இப்படி இல்லை. 1200டிக்கு விநாடிக்கு 3 படம், 9 புள்ளிகள் மட்டுமே. பறக்கும் பறவைக்காகவே வாங்குகிறீர்கள் என்றால், புதிய கீழ்மட்ட மாடலைவிடப் பழைய நடுத்தர மாடலைத் தேடுங்கள்.

எந்த லென்ஸ்? எல்லா லென்ஸும் எல்லாப் பாடியிலும் வேலை செய்யுமா?

கேனான்காரர்களுக்கு இது தலைவலி இல்லை. ஈஎஃப் லென்ஸ் எதுவும் 1200டியிலும் 7டியிலும் ஃபோகஸ் செய்யும். பறவைக்கு என் முதல் பரிந்துரை ஈஎஃப் 400 மிமீ எஃப்/5.6எல். 1993இல் வந்தது, 1.25 கிலோ, ஃபோகஸ் வேகமானது, விளிம்புவரை கூர்மை. கை நடுக்கத்தைத் தடுக்கும் வசதி கிடையாது என்பதால் ஷட்டர் வேகத்தில் 1/1000 விநாடிக்குக் கீழே இறங்காதீர்கள். 3.5 மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது, ஆகவே பட்டாம்பூச்சிக்கு உதவாது.

நிக்கானில்தான் கவனம் வேண்டும். டி3000, டி5000 வரிசைப் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. ஏஎஃப்-எஸ் என்று குறித்த, தனக்குள்ளேயே மோட்டார் உள்ள லென்ஸ்தான் அவற்றில் தானாக ஃபோகஸ் ஆகும். பழைய ஏஎஃப்-டி லென்ஸை மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினால் கையால்தான் திருக வேண்டும். டி3100, டி5100, டி7000, டி90 ஆகிய பாடிகளில், ஏஎஃப்-பி என்று குறித்த புதிய 70-300 லென்ஸ் ஃபோகஸே ஆகாது. 200-500 எஃப்/5.6ஈ (2015) அருமையான பறவை லென்ஸ், டி7000இல் முழுமையாக வேலை செய்யும். ஆனால் டி90இல் அதன் துளையைக் கட்டுப்படுத்த முடியாது. மாடல் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் விசாரித்துவிட்டே பணம் கொடுங்கள்.

சிக்மா (கன்டெம்பரரி வகை), டாம்ரான் 150-600 லென்ஸ்கள் ஏறக்குறைய 2 கிலோ. நிக்கான் 200-500, முக்காலியில் மாட்டும் காலரோடு 2.3 கிலோ. பாடியையும் சேர்த்தால் 3 கிலோவைத் தாண்டும். பி900 பேட்டரியோடு 899 கிராம். கூந்தன்குளத்தில் காரை நிறுத்தி எடுப்பவருக்கு 3 கிலோ பொருட்டில்லை. வால்பாறையில் மழைக்காட்டு ஓரமாகக் காலையெல்லாம் நடப்பவர் இந்த வித்தியாசத்தைத் தோளில் உணர்வார். கேமரா கனக்கிறது என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிற நாள் வரக்கூடாது, எனக்கு அதுதான் கவலை.

நிக்கான் பி1000 சூப்பர்ஜூமில் 3000 மிமீ இருக்கிறது. அதை வாங்கினால் எல்லாம் தீர்ந்ததா?

3000 மிமீயில் நிலா சட்டத்துக்குள் முழுதாக அடங்காது. அவ்வளவு நெருக்கம். ஆனால் அந்த முனையில் எஃப் எண் 8. இவ்வளவு சிறிய சென்சாரில் எஃப்/8 வைத்தால் ஒளியின் விளிம்பு விளைவு படத்தை மழுக்கிவிடும். ஒரு புள்ளி ஒளி பல பிக்சல்கள் மேல் பரவி விழும். பி900இலும் எஃப்/6.5இல் இதே கதைதான், கொஞ்சம் குறைவாக. முன்பு "அத்தனை பிக்சலிலும் நுணுக்கம் இருக்காது" என்றது இதைத்தான்.

அதைவிடப் பெரிய எதிரி காற்று. பள்ளிக்கரணையில் காலை ஒன்பதரைக்கு மேல் தரையிலிருந்து கிளம்பும் அனல் அலை, தூரத்துப் பூநாரையை நீருக்கடியில் இருப்பதுபோல் நெளியவைக்கும். அப்போது பி1000 வைத்திருப்பவரும் லட்சக்கணக்கில் செலவழித்த லென்ஸ் வைத்திருப்பவரும் ஒரே மாதிரி மங்கலான படத்தோடுதான் திரும்புவார்கள். விடிந்ததும் போங்கள், ஜூமை 1200-1500 மிமீயோடு நிறுத்துங்கள், டிஜிட்டல் ஜூமை மெனுவில் அணைத்துவிடுங்கள்.

பி1000 1.4 கிலோ. நிலாவும் கிரகங்களும் பிடிக்கும் என்றால் வாங்கலாம். பறவைக்கு மட்டும் என்றால் பி900 அல்லது அதே லென்ஸோடு 2020இல் வந்த பி950 போதும். பி950இல் ரா கோப்பு (சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) உண்டு, வ்யூஃபைண்டர் வெகுவாக மேம்பட்டிருக்கிறது.

பி900இல் ரா கோப்பு இல்லையாமே, அது பெரிய குறையா?

வெள்ளைக் கொக்கை வெயிலில் எடுப்பவருக்குக் குறை. இறகு வெளுத்துப்போனால் ஜேபெக்கிலிருந்து மீட்க முடியாது. எக்ஸ்போஷரை முன்கூட்டியே குறைத்து எடுக்கப் பழகிவிட்டால் சமாளிக்கலாம். ரா கட்டாயம் வேண்டும், பணமும் குறைவு என்றால் 2012இன் கேனான் எஸ்எக்ஸ்50ஐத் தேடுங்கள். 12 மெகாபிக்சல், 1200 மிமீ வரை, ரா உண்டு.

எனக்கு நல்ல படம் கூட வேண்டாம், பறவையை அடையாளம் கண்டால் போதும். அதற்கு?

தயங்காமல் சூப்பர்ஜூம். "நல்ல படம் கூட வேண்டாம்" என்று கூச்சப்படவும் தேவையில்லை. பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும், இபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பட்டியல் ஏற்றும்போதும், அபூர்வமான பறவை என்று குறித்தால் ஆதாரம் கேட்பார்கள். சேற்றில் நிற்கும் உள்ளான்களைக் கால் நிறம், அலகின் வளைவு, கண்ணருகே ஓடும் கோடு என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். 100 மீட்டர் தள்ளி நிற்கும் உள்ளானின் கால் நிறத்தைப் பதிவு செய்ய இந்த விலையில் சூப்பர்ஜூமை மிஞ்ச எதுவும் இல்லை. கலைப்படம் இல்லாவிட்டாலும் அது ஒரு பதிவு. அந்தப் பதிவுகள் சேர்ந்துதான் எந்தக் குளத்துக்கு எந்தப் பறவை வருகிறது என்பது நமக்குத் தெரியவருகிறது.

இரண்டின் நன்மையும் ஒன்றில் கிடைக்காதா?

சோனி ஆர்எக்ஸ்10 நான்காம் பதிப்பு (2017) அதற்கு மிக அருகில் வருகிறது. ஓரங்குல சென்சார், 600 மிமீக்குச் சமமான லென்ஸ், விநாடிக்கு 24 படம். வேடிக்கை என்னவென்றால், அதன் 220 மிமீ உண்மைக் குவியத்தூரத்தை எஃப்/4 ஆல் வகுத்தாலும் அதே 55 மிமீ துளைதான். வித்தியாசம் ஃபோகஸில்: டிஎஸ்எல்ஆர் போலக் கட்டவேறுபாட்டை அளக்கும் முறை இதில் சென்சார் மேலேயே இருக்கிறது. மூன்றாம் பதிப்பில் அது இல்லை, ஆகவே விற்பவரிடம் எந்தப் பதிப்பு என்று உறுதி செய்துகொள்ளுங்கள். விலைதான் தடை. பழையதாக வாங்கினாலும், பழைய டிஎஸ்எல்ஆர் பாடியின் விலையைப் பலமடங்கு தாண்டும்.

வீடியோ?

சூப்பர்ஜூம். 2013இல் கேனான் 70டி வரும்வரை டிஎஸ்எல்ஆர்கள் வீடியோவில் ஃபோகஸுக்குத் தடவிக்கொண்டிருந்தன.

டிஎஸ்எல்ஆர் காலம் முடிந்துவிட்டது, இப்போது அதில் பணம் போடலாமா?

பாடியில் அதிகம் போடாதீர்கள், லென்ஸில் போடுங்கள். கேனான் ஈஎஃப் லென்ஸ் நாளை ஆர்எஃப் மிரர்லெஸ் பாடியில் அடாப்டரோடு நன்றாகவே ஃபோகஸ் ஆகும். நிக்கான் ஏஎஃப்-எஸ் லென்ஸும் எஃப்டிஇசட் அடாப்டரோடு நிக்கானின் இசட் மிரர்லெஸ் பாடிகளில் வேலை செய்யும். மோட்டார் இல்லாத ஏஎஃப்-டி லென்ஸ் ஆகாது. சூப்பர்ஜூமில் இந்தத் தொடர்ச்சி கிடையாது. மாற்றும்போது முழுதாக மாற்ற வேண்டும்.

பழையதை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

டிஎஸ்எல்ஆர் என்றால் ஷட்டர் எண்ணிக்கை, அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பது. டி7000, 7டி ஆகியவற்றின் ஷட்டர் ஒன்றரை லட்சம் படங்களுக்குச் சோதிக்கப்பட்டது. நிக்கானில் ஒரு படம் எடுத்து அதன் தகவல்களைப் பிரித்தால் எண்ணிக்கை தெரியும். கேனானின் பல மாடல்களில் படத்தில் அது இருக்காது. கேபிள் மாட்டி மென்பொருளில் பார்க்க வேண்டும். எஃப்/16இல் வெறும் வானத்தை எடுத்துப் பார்த்தால் சென்சார் அழுக்கு தெரிந்துவிடும். லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கத்தில் பாருங்கள். சிலந்தி நூல்போலக் கிளைவிட்டிருந்தால் பூஞ்சை, எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.

சூப்பர்ஜூமில் லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே மடங்கும் பொறிதான் பலவீனம். பலமுறை முழுதாக நீட்டி மடக்கிப் பாருங்கள். கரகர சத்தமோ இடையில் தயக்கமோ இருந்தால் மணல் புகுந்திருக்கும். உள்ளே போன தூசியை நாமே துடைக்க வழியில்லை, மொத்த லென்ஸையும் பிரிக்க வேண்டும். பேட்டரி உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். பி900 ஒரு சார்ஜில் சுமார் 360 படம்தான் தரும், கூடுதலாக ஒன்று வாங்கியே ஆக வேண்டும். டி7000இல் ஆயிரத்தைத் தாண்டும்.

லென்ஸ் எதுவானாலும், பறவைக்குக் கிட்டே போய்விட்டால் பிரச்சினை தீருமே?

கூடு கட்டும் பருவத்தில் இந்த யோசனையே வேண்டாம். நாம் நெருங்கும்போது தாய்ப்பறவை எழுந்து போனால், திறந்து கிடக்கும் முட்டையையும் குஞ்சையும் வெயிலும் காகமும் பார்த்துக்கொள்ளும். வேடந்தாங்கலில் பார்வையாளர்களைக் கரையோடு நிறுத்தியிருப்பது காரணத்தோடுதான். பறவை தலையைத் தூக்கி நம்மைப் பார்க்கிறது, தின்பதை நிறுத்துகிறது என்றால் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டோம், பின்வாங்க வேண்டும். ஒலிபெருக்கியில் அதன் குரலைப் போட்டு வரவழைப்பதும் கூடாது. நீளமான லென்ஸின் முதல் பயன், நம்மைத் தள்ளி நிற்கவைப்பது.

வாங்கியாகிவிட்டது. சென்னை ஈரத்தில் எப்படிப் பாதுகாப்பது?

தோல் பையில் போட்டு அலமாரிக்குள் பூட்டிவைப்பதுதான் பூஞ்சைக்கு மிகவும் பிடித்த இடம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிகா ஜெல், ஈரப்பதமானி ஒன்று. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். சிலிகா ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தினால் மீண்டும் பயன்படும். கடற்கரையிலிருந்தோ கோடியக்கரை உப்பளப் பக்கமிருந்தோ வந்தால், டப்பாவுக்குள் வைக்கும் முன் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் பாடியைத் துடைத்துவிடுங்கள். எல்லாவற்றையும்விட, வாரம் ஒருமுறையாவது வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள். வெளிச்சமும் காற்றும் படும் லென்ஸில் பூஞ்சை அவ்வளவு எளிதில் பிடிப்பதில்லை.